அளவு நாடாவோடு வகுப்புக்கு வந்தவர்

(நூலக வார விழாவில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வாசிப்பின் பயனைப் பற்றிப் பேசத்தான் என்னை அழைத்தார்கள். தலைப்பை மாற்றிக்கொள்ள அனுமதி கேட்டேன். பணி ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஒன்பது ஆண்டுகளாக, இதே நூலகக் கட்டடத்தின் மாடியில், ஞாயிறு காலையில் பத்தாம் வகுப்புத் தனித்தேர்வர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் முப்பதைக் கடந்தவர்கள். நாற்பத்தைந்து வயதுக்காரர்களும் உண்டு. பாதியில் விட்ட படிப்பை இந்த வயதில் திரும்ப எடுத்தால் புதிய வேலை கிடைக்குமா, எப்படிக் கிடைக்கும், எங்கே ஏமாந்து நிற்க நேரும் என்பதைப் பற்றி நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன் என்றேன். நூலகர் மறு பேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். அவருக்கு என் நன்றி.

முதலில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். அவருக்கு அப்போது 38 வயது. வீட்டுத் திண்ணையில் தையல் மெஷின் போட்டுப் பிழைப்பு நடத்தியவர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். முதல் நாள் வகுப்புக்கு வந்தபோது கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. வேலையின் நடுவே எழுந்து ஓடி வந்திருக்கிறார், கழற்ற மறந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர் சொன்ன பிறகு கூச்சத்தோடு அதைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார். வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்து, "டீச்சர், எனக்குக் கணக்கு வராது. அதுக்குப் பயந்துதான் பள்ளிக்கூடத்தையே விட்டேன். இப்பவே சொல்லிடுறேன்" என்றார்.

மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, செய்முறை வடிவியல் நடத்தினேன். ஒரு முக்கோணத்தைக் கொடுத்து, அதே வடிவத்தில், ஆனால் ஐந்தில் மூன்று பங்கு அளவில் இன்னொரு முக்கோணம் வரையச் சொல்வார்கள். வடிவொத்த முக்கோணம் என்று பாடப்புத்தகம் சொல்லும். பள்ளியில் பிள்ளைகள் திணறும் இடம் அது. ஒரு கதிரை வரைந்து, அதில் ஐந்து சம பாகம் குறித்து, இணைகோடு இழுக்க வேண்டும். நான் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே இந்த அம்மா கையைத் தூக்கினார். "டீச்சர், அக்காவுக்குத் தச்ச பாவாடை மாதிரியே தங்கச்சிக்கும் தைக்கிறதுதானே இது? பீஸ் நீளம் எந்தக் கணக்குல குறையுதோ அதே கணக்குல அகலமும் குறையணும். சாய்வு மட்டும் மாறக் கூடாது."

முப்பத்து மூன்று ஆண்டு வகுப்பறையில் நின்றிருக்கிறேன். ஒத்த கோணங்கள் சமம் என்பதை மனப்பாடமாக ஒப்பித்த பிள்ளைகள் எத்தனையோ பேர். "சாய்வு மாறக் கூடாது" என்று அதன் பொருளைச் சொன்னவர் அதுவரை ஒருவரும் இல்லை. கணக்கு வராது என்று பதிமூன்று வயதில் யாரோ சொன்னதை நம்பி, அதற்குப் பிறகு இருபத்தைந்து ஆண்டு ஒவ்வொரு நாளும் கத்தரிக்கோலால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார் அந்த அம்மா. அந்த ஆண்டு கணக்கில் அவர் வாங்கியது 61. தேர்ச்சிக்கு 35 போதும்.

அதன் பிறகு நடந்ததுதான் இன்றைய பேச்சுக்கு முக்கியம். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் எதற்கு என்பது வகுப்புக்கு வரும் முன்பே அவருக்குத் தெரியும். அவரிடம் துணி தைக்கக் கொடுத்தவர்களில் ஒருவர் பள்ளியில் தையல் ஆசிரியை. அவரிடம் கேட்டு வைத்திருந்தார். நம் தமிழ்நாட்டின் அரசுத் தேர்வுகள் இயக்ககம் ஓவியம், தையல் போன்றவற்றுக்கென்று தொழில்நுட்பத் தேர்வுகள் நடத்துகிறது. ஊரில் 'லோயர்', 'ஹையர்' என்றால்தான் புரியும். அவற்றில் தேறியவர், பத்தாம் வகுப்பும் முடித்திருந்தால், கோடை விடுமுறையில் நடக்கும் 42 நாள் தொழிலாசிரியர் பயிற்சியில் சேரலாம். டி.டி.சி. என்று சொல்வது அதைத்தான். அது முடித்தால் தையல் ஆசிரியர் பணிக்குத் தகுதி.

இரண்டு பத்தாண்டுகளாக ஊசியும் நூலுமாக இருந்தவருக்கு லோயரும் ஹையரும் பெரிய சங்கதியாக இல்லை. கை அறிந்த வித்தைக்குச் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நடுவில் மறித்துக்கொண்டிருந்தது பத்தாம் வகுப்பு. அதைக் கடந்தார், பயிற்சியை முடித்தார், இன்று ஒரு தனியார் பள்ளியில் தையல் ஆசிரியை. சம்பளம் அள்ளித் தருகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தீபாவளிக்கு முந்தின வாரம் விடிய விடியக் கண் எரியத் தைத்தால்தான் அந்த மாதம் ஓடும் என்ற நிலை போய்விட்டது. பிள்ளைகள் அவரை 'மிஸ்' என்று கூப்பிடுகிறார்கள். அதைச் சொல்லும்போது அவர் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

நடுவயதில் படிக்க வருபவர்களைப் பற்றிப் பேசும்போது நம் பத்திரிகைகளும் யூடியூப் சேனல்களும் எப்போதும் ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். ஆனவர்களையே காட்டுகின்றன. அவர்கள் சாதனையாளர்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காணொலியைப் பார்த்துவிட்டு என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர், "நானும் கலெக்டர் ஆகணும்" என்று ஆரம்பித்து ஆறே மாதத்தில் காணாமல் போகிறார்கள். தையல்கார அம்மா காணாமல் போகவில்லை. எந்த வேலை வேண்டும், அதற்கு எந்தச் சான்றிதழ் வேண்டும், அந்தச் சான்றிதழுக்கு முன்னால் எது வேண்டும் என்று பின்னாலிருந்து முன்னால் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தவர் அவர். தன்னிடம் ஏற்கெனவே இருந்த தொழிலை விட்டு ஓடாமல் அதன்மேலேயே ஏறி நின்றவர். படித்துப் புதிய வேலைக்குப் போனவர்கள் என்று நான் எண்ணிச் சொல்லக்கூடிய எல்லோரும் ஏறக்குறைய இப்படித்தான் போயிருக்கிறார்கள்.

இன்னொருவர், ஒயரிங் வேலைக்காரர். மேஸ்திரியின் கீழ் பன்னிரண்டு ஆண்டு சுவரைக் கொத்திப் பைப் பதித்தவர். மெயின் போர்டைத் தனியாக நின்று மாட்டத் தெரியும், ஆனால் அவர் கையெழுத்துக்கு மதிப்பில்லை. நம் மாநிலத்தில் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று ஒன்று நடக்கிறது. 21 வயது நிறைந்து, ஒயரிங் தொழிலில் ஐந்தாண்டு செய்முறை அனுபவம் இருந்தால் எழுதலாம். அதைப் பற்றி அவருக்குப் பன்னிரண்டு ஆண்டும் யாரும் சொல்லவில்லை. இந்த நூலகத்தில் நாளிதழ் புரட்டியபோது அறிவிப்பைப் பார்த்தார். தேறினார். இப்போது தனியாக வேலை எடுக்கிறார்.

அரசு ஐ.டி.ஐ.க்களைப் பற்றியும் பலருக்குத் தெரிவதில்லை. அங்கே ஆண்கள் 40 வயது வரை சேரலாம், பெண்களுக்கு உச்ச வயது வரம்பே கிடையாது. எட்டாம் வகுப்பு முடித்தவர்கள் சேரக்கூடிய தொழிற்பிரிவுகள் உண்டு. பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதாமாதம் உதவித்தொகையும் தருகிறார்கள். காவல்துறையில் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தவர்கள் தொலைநிலையில் பட்டம் படித்து, துறையினருக்கென்று ஒதுக்கிய 20 விழுக்காட்டு இடங்களில் உதவி ஆய்வாளர் ஆகிறார்கள். இதுவும் விட்ட படிப்பைத் தொட்டவர்களின் கதைதான்.

"இந்த வயசில் மண்டையில் ஏறுமா?" இந்தக் கேள்வியைக் கேட்காதவர் ஒருவரும் என் வகுப்புக்கு வந்ததில்லை. அவர்களுக்கு நான் லண்டன் டாக்சி ஓட்டுநர்களைப் பற்றிச் சொல்வேன். லண்டனில் கறுப்பு டாக்சி ஓட்ட உரிமம் வேண்டுமென்றால் நகரத்தின் சுமார் 25,000 தெருக்களையும் மனத்தில் ஏற்றித் தேர்வில் தேற வேண்டும். மூன்று, நான்கு ஆண்டு ஆகும். படிப்பவர்கள் பள்ளிப் பிள்ளைகள் இல்லை, குடும்பஸ்தர்கள். எலினோர் மக்வயர் என்ற நரம்பியல் அறிஞர், இந்தப் படிப்பில் இறங்கிய 79 பேரை ஆரம்பத்திலேயே ஸ்கேன் எடுத்து, பல ஆண்டுகள் கழித்துத் திரும்பவும் எடுத்துப் பார்த்தார். 2011-ல் முடிவை வெளியிட்டார். 39 பேர் தேறியிருந்தார்கள். அவர்களுடைய மூளையில், இடங்களை நினைவில் வைத்துக்கொள்ள உதவும் ஹிப்போகேம்பஸின் பின்பகுதி முன்பைவிட வளர்ந்திருந்தது. தேறாதவர்களிடம் அந்த வளர்ச்சி இல்லை. வளர்ந்த மனிதரின் மூளை படிப்புக்கு இடம் கொடுக்கிறது. என் மாணவர்களுக்கு இடம் கொடுக்க மறுப்பது வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

விட்ட படிப்பை எடுத்து வேலைக்குப் போவதற்கு நம் ஊருக்குப் பக்கத்திலேயே முன்னோடிகள் உண்டு. சகோதரி சுப்பலட்சுமியைப் பெரியவர்கள் அறிவீர்கள். குழந்தைப் பருவத்திலேயே கணவனை இழந்தவர். 1911-ல் சென்னையில் பட்டம் பெற்றார். தன்னைப் போன்ற இளம் விதவைகளைச் சேர்த்துத் தங்கவைத்துப் படிக்கவைத்து ஆசிரியைகளாக்கினார். திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்று சொல்லும் கட்டடத்தில் அந்த விடுதி நடந்தது. மூலையில் உட்கார் என்று குடும்பங்கள் சொல்லிவிட்ட பெண்கள் அங்கிருந்து சம்பளக்காரர்களாக வெளியே வந்தார்கள்.

ஆனால் நான் இன்று விரிவாகச் சொல்ல விரும்புவது துர்காபாய் தேஷ்முக்கைப் பற்றி. 1909-ல் ராஜமுந்திரியில் பிறந்தவர். எட்டு வயதில் திருமணம் செய்துவைத்துவிட்டார்கள். வளர்ந்த பின் அந்தப் பந்தத்திலிருந்து விலகினார். 1930-ல் சென்னையில் உப்புச் சத்தியாகிரகத்தில் இறங்கிச் சிறை சென்றார். சிறையில் அவர் சந்தித்த பெண்களில் பலர் எழுத்தறிவில்லாதவர்கள். சட்டம் என்ன சொல்கிறது என்று தெரியாமல், தங்கள் தரப்பை எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காகப் பேச வேண்டும் என்று தோன்றியபோது துர்காபாயின் கையில் பள்ளியிறுதிச் சான்றிதழ்கூட இல்லை.

விடுதலையான பிறகு, இருபத்தைந்தை நெருங்கும் வயதில், ஆங்கிலத்தை அடியிலிருந்து படித்தார். பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வைத் தனியாகப் படித்து எழுதினார். ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் பட்டம். பிறகு சென்னையில் சட்டம். 1942-ல் சட்டப் பட்டம் பெற்றபோது அவருக்கு 33 வயது. நான்காண்டுகளில் அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். சிறையில் பூத்த யோசனைக்கும் வழக்கறிஞர் அங்கிக்கும் நடுவில் அவர் தாண்டிய படிகளை எண்ணிப் பாருங்கள்: பள்ளியிறுதி, இடைநிலை, பட்டம், சட்டம். ஒரு படியையும் விடவில்லை.

அவர் தான் ஏறிய ஏணியைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போகவில்லை. 1937-ல் சென்னையில் ஆந்திர மகிளா சபாவைத் தொடங்கி, படிப்பை விட்ட பெண்களைப் பனாரஸ் மெட்ரிகுலேஷனுக்குத் தயார் செய்தார். சுதந்திரத்துக்குப் பின், 1953-ல் மத்திய சமூக நல வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவரானார். 1958-ல் அந்த வாரியம் வளர்ந்த பெண்களுக்கென்றே குறுகிய காலக் கல்வித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. பத்தாண்டில் படிக்க வேண்டியதை இரண்டாண்டில் சுருக்கிப் படித்துப் பள்ளியிறுதித் தேர்வு எழுதலாம். அந்தத் திட்டத்துக்குப் பின்னால் தெளிவான தேவை இருந்தது. கிராமங்களுக்கு ஆசிரியைகள் வேண்டும், செவிலியர்கள் வேண்டும், கிராம சேவிகைகள் வேண்டும். படித்த நகரத்துப் பெண்கள் கிராமத்துக்கு வரத் தயங்கினார்கள். கிராமத்திலேயே இருக்கும் பெண்களுக்குச் சான்றிதழ் இல்லை. அந்தச் சான்றிதழைக் கொடுங்கள், ஆள் கிடைத்துவிடும் என்றார் துர்காபாய். வேலையை முதலில் வைத்து, படிப்பை அதற்கு ஏற்றபடி அமைத்தார். தையல்கார அம்மா தன் ஒருத்திக்குப் போட்ட கணக்கை அவர் நாட்டுக்குப் போட்டார்.

அந்தக் கணக்கை இன்னும் பெரிய அளவில் போட்ட நாடு அமெரிக்கா. 1944-ல், இரண்டாம் உலகப் போர் முடியும் முன்பே, திரும்பி வரப்போகும் வீரர்களுக்காக 'ஜி.ஐ. பில்' என்ற சட்டம் இயற்றினார்கள். ஆண்டுக்கு 500 டாலர் வரை படிப்புக் கட்டணம், அதற்கு மேல் மாதாமாதம் வாழ்க்கைச் செலவுக்குப் பணம், குடும்பம் இருந்தால் கூடுதல் தொகை. 1956-க்குள் சுமார் 78 லட்சம் பேர் அதைப் பயன்படுத்தினார்கள். கல்லூரிக்குப் போனவர்கள் சுமார் 22 லட்சம். அதைவிட அதிகமானவர்கள் தொழிற்பயிற்சிக்கும் விவசாயப் பயிற்சிக்கும் போனார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட், தகுதி குறைந்தவர்கள் வந்து நிரம்பிவிடுவார்கள் என்று முதலில் கவலைப்பட்டவர். வகுப்பில் அவர்களைப் பார்த்த பிறகு, ஹார்வர்டு கண்ட மிகப் பக்குவமான மாணவர்கள் இவர்கள் என்று ஒப்புக்கொண்டார். கட்டணத்தோடு வாழ்க்கைச் செலவையும் சேர்த்துக் கொடுத்தார்கள், அதைக் கவனியுங்கள். வீட்டில் அடுப்பு எரியாமல் யாரும் படிக்க முடியாது.

இனி ஏமாந்து நிற்கும் இடம். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வகுப்பில் எம்.ஏ. பட்டம் வாங்கிய ஒருவர் பத்தாம் வகுப்புப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். நீதிமன்ற வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர். பதினைந்து ஆண்டுகளாக அதே மரத்தடி. வக்கீல்கள் வாதாடும் வழக்குகளின் முதல் வரியை எழுதியவர். தானும் வழக்கறிஞர் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டார், நியாயமான ஆசை. பத்தாம் வகுப்பு தேறாதவர் என்றாலும் நேராகப் பட்டம் வாங்கலாம் என்று ஒரு படிப்பு மையத்தில் சொன்னார்கள். பணம் கட்டினார். திறந்தநிலை வழியில் பி.ஏ. முடித்தார், எம்.ஏ. முடித்தார். உண்மையாகவே படித்துத் தேறினார். அந்த உழைப்பை நான் ஒருபோதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். அப்புறம் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டார். பத்தும் பன்னிரண்டும் முறையாகத் தேறாமல் நேரடியாகத் திறந்தநிலையில் பெற்ற பட்டத்தை வைத்துச் சட்டம் சேர முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். வழக்கறிஞர் மன்றத்தின் 2008-ஆம் ஆண்டு விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. அரசு வேலைக்குப் போகலாம் என்றால் அங்கேயும் இதே கதை. பத்து, பன்னிரண்டு, பிறகு பட்டம் என்ற வரிசையில் வராத பட்டத்தை வேலைக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்பதில்லை என்று 2009-ல் தமிழக அரசு ஆணை போட்டிருக்கிறது.

ஆனால் திறந்தநிலைக் கல்வி பிறந்த எண்ணம் வேறு. பிரிட்டனில் 1969-ல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உருவானது. 1971 ஜனவரியில் ஏறக்குறைய 24,000 மாணவர்களோடு படிப்பு தொடங்கியது. முன்தகுதி எதுவும் அங்கே கேட்கவில்லை. பள்ளியைத் தவறவிட்டவனுக்குப் பல்கலைக்கழகத்தை மறுக்கக் கூடாது என்பதுதான் அதன் அடிப்படை. அந்த எண்ணத்திலிருந்துதான் நம் நாட்டிலும் 1985-ல் இக்னோ வந்தது, 2002-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. அந்த எண்ணத்தை நாம் பாதி மட்டுமே ஏற்றுக்கொண்டோம் என்பது என் கருத்து. படிக்க அனுமதித்தோம். படித்ததற்கு மதிப்புத் தர மறுத்தோம். விதியை மாற்றுங்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது. ஆனால் மாறும்வரை, விதி இதுதான் என்று பணம் வாங்கும் முன்பே சொல்லும் கடமை ஒவ்வொரு படிப்பு மையத்துக்கும் இருக்கிறது. அந்த மையம் சொல்லவில்லை. ஆறு ஆண்டு உழைப்பை விழுங்கிவிட்டு, "எங்களை ஏன் கேட்கிறீர்கள்" என்றது.

மனு எழுதும் அந்த எம்.ஏ.காரர் என்னிடம் வந்தபோது அவருக்கு 41 வயது. விரல் விட்டு எண்ணினார். பத்தாவது ஓராண்டு, பிளஸ் டூ இரண்டாண்டு, திரும்பவும் ஒரு பட்டம் மூன்றாண்டு, சட்டம் மூன்றாண்டு. "அம்பதுல வக்கீல் ஆயிடுவேன் டீச்சர். படிக்காட்டியும் அம்பது வரத்தானே போகுது" என்றார். பத்தாவது தேறிவிட்டார். பிளஸ் டூவுக்குப் படிக்கிறார். இப்போது இந்த அரங்கில்தான் இருக்கிறார்.

அவரால் நான் கற்றுக்கொண்டதை உங்களிடம் வேண்டுகோளாக வைக்கிறேன். பணம் கட்டும் முன்பு, நீங்கள் போக விரும்பும் வேலையின் அறிவிக்கையை எடுத்துத் தகுதிப் பகுதியை ஒரு வரி விடாமல் படியுங்கள். தெரியாவிட்டால் இந்த நூலகத்துக்கு வாருங்கள், சேர்ந்து படிப்போம். பட்டம் தொலைநிலையில் என்றால் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு, அந்தப் படிப்புக்கு, அந்த ஆண்டுக்கு யு.ஜி.சி. அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். முறையான அனுமதியோடு தொலைநிலையில் பெற்ற பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று 2022-ல் யு.ஜி.சி. மீண்டும் தெளிவுபடுத்தியிருக்கிறது. தொலைநிலைப் பட்டம்தானே என்று யாராவது ஏளனம் செய்தால் இதைச் சொல்லுங்கள். அதே சமயம் பொறியியல், மருத்துவம், செவிலியர், சட்டப் பட்டங்களைத் தொலைநிலையில் நடத்த யாருக்கும் அனுமதி இல்லை. நடத்துகிறேன் என்று எவராவது வந்தால் கதவைச் சாத்துங்கள்.

தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எட்டாம் வகுப்பு தேறியிருந்தால் நேரடியாக எழுதலாம். எட்டாவதும் இல்லை என்றால் அதற்கும் தனித்தேர்வு இருக்கிறது. ஆனால் அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைக்கு. அதற்கு முன்கூட்டியே பதிவு செய்து, ஒதுக்கிய பள்ளியில் செய்முறை வகுப்புக்குப் போய் வர வேண்டும். பதிவுத் தேதியைத் தவறவிட்டு ஓராண்டை இழந்தவர்கள், பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் மாணவர்களிலேயே நான்கு பேர் இருக்கிறார்கள்.

வயது போய்விட்டது என்று நினைப்பவர்களுக்கும் ஒரு செய்தி. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புதான் அடிப்படைத் தகுதி. ஆனால் பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், எந்தச் சாதியானாலும் ஆதரவற்ற விதவையர் ஆகியோர், பத்தாவதுக்கு மேல் பன்னிரண்டாவதோ பட்டமோ முடித்திருந்தால், இளநிலை உதவியாளர், தட்டச்சர் போன்ற பதவிகளுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. 60 நிறைந்திருக்கக் கூடாது, அவ்வளவே. கிராம நிர்வாக அலுவலர் போன்ற சில பதவிகளுக்குத் தனி வரம்பு உண்டு, அதை அறிவிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள். கணவனை இழந்து இரண்டு பிள்ளைகளோடு நிற்கும் 43 வயதுப் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! பல லட்சம் பேர் எழுதும் தேர்வு, போட்டி கடுமை என்பதையும் மறைக்க மாட்டேன். ஆனால் 200 வினாக்களில் 100 தமிழில் இருந்து வருகின்றன. தமிழ்ப் பகுதியில் 40 விழுக்காடு எடுக்காதவரின் மற்ற பகுதியைத் திருத்துவதே இல்லை. பத்தாம் வகுப்புத் தமிழை ஊன்றிப் படித்தவருக்குப் பாதித் தேர்வு அங்கேயே ஆகிவிட்டது.

படிக்க இடம் கொடுக்க மறுப்பது வேறு என்று முன்னே சொன்னேனே, அதற்கு வருகிறேன். மூளை மறுப்பதில்லை. வீடு மறுக்கிறது. பாடப்புத்தகத்தை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்துப் படித்தவர் என் வகுப்பில் இருந்தார். மாமியார் பார்த்தால் "இந்த வயசுல இது எதுக்கு" என்பார், கணவர் பார்த்தால் சிரிப்பார். மகன் பத்தாவது படித்தால் வீட்டில் தொலைக்காட்சியை அணைக்கிறோம். அம்மா பத்தாவது படித்தால் யாராவது அணைக்கிறோமா? ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், ஒரு விளக்கு, யாரும் "காபி கொடு" என்று கூப்பிடாத ஒரு மூலை. வேறு எதுவும் அவர்கள் கேட்பதில்லை. 2021-லிருந்து அரசு நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆன பிறகு என் வகுப்பில் பெண்களின் எண்ணிக்கை கூடியது. முன்பெல்லாம் வகுப்புக்கு வர வீட்டில் பணம் கேட்க வேண்டும், பணம் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். இப்போது யாரையும் கேட்க வேண்டியதில்லை.

நம் மாநிலம் எழுத்தறிவில் பெரிய காரியம் செய்த மாநிலம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் கல்லுடைக்கும் பெண்கள் எழுதப் படிக்கக் கற்றார்கள், ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை நேரில் கண்டு எழுதியிருக்கிறார். சைக்கிள் கற்ற பெண், பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் விளைபொருளைத் தானே சந்தைக்குக் கொண்டுபோய் விற்றாள். படிப்போடு பிழைப்புக்கான கருவியும் சேர்ந்ததால் அந்த இயக்கம் நின்றது. ஆனால் கையெழுத்துப் போடத் தெரிந்த பிறகு பத்தாம் வகுப்பு வரை கூட்டிப்போக ஊருக்கு ஊர் ஏற்பாடு இங்கே இல்லை. பக்கத்தில் கேரளத்தில் எழுத்தறிவு இயக்கமே நான்காம் வகுப்பு, ஏழாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு, மேல்நிலை என்று சமநிலைத் தேர்வுகள் நடத்துகிறது. பெரியவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வைக்கிறது. நம் ஊர் அரசுப் பள்ளிகளோ ஞாயிற்றுக்கிழமை பூட்டித்தான் கிடக்கின்றன. கட்டடம் இருக்கிறது, கரும்பலகை இருக்கிறது, ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். இந்த மேடையில் இருக்கும் கல்வித் துறைப் பெரியவர்கள் ஒன்றியத்துக்கு ஒரு பள்ளியையாவது திறந்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதுவரை எங்கள் வகுப்பு இந்த மாடியில் நடக்கும். ஞாயிறு காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை. கட்டணம் கிடையாது. சென்ற ஆண்டு வரை அறிவியல் நடத்திக்கொண்டிருந்த ஆசிரியர் மகன் வீட்டுக்குச் சென்னைக்குப் போய்விட்டார். மார்ச் மாதம் 23 பேர் தேர்வு எழுதப் போகிறார்கள். அறிவியல் சொல்லித்தர ஒருவர் வேண்டும். உங்களில் யாராவது இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள்.